அப்பு தராத நோய்

அன்று மருத்துவமனை அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அப்பா, பக்கத்தில் நான், கால்மாட்டில் அப்பாவின் தங்கை ரோசா மாமி, எதிரே இளம் டொக்டர். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பு, ஆச்சி என்று அப்பா அழைத்த அப்பப்பாவும் அப்பம்மாவும் மன்னார்ச் சேமக்காலையில் துயில்கிறார்கள். அங்கே இல்லாத இன்னொருவரும் உண்டு. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

சகோதரரே, அப்பாவின் இதயம் சோர்ந்துகொண்டே போனது. ஈரல் வீங்கியிருந்தது, நீரிழிவும் இருந்தது. காரணம் எவருக்கும் பிடிபடவில்லை. விரல் மூட்டு நோவை, புலம்பெயர்ந்த புதிதில் வடகோடிப் பாட்ஸ்பியோர்ட் ஊரில் மீன் வெட்டிய குளிர் என்று நினைத்தோம். களைப்பை இரத்தக் குறைவு என்று நினைத்து, அம்மா ஈரல் கறியும் முருங்கையிலையும் சமைத்தார். இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்தார். அப்பா மேலும் சோர்ந்தார். இப்போது நாங்கள் குடியிருக்கும் ரொம்மன் பகுதி வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். “மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், மகன் காணும்,” என்பார் அப்பா. அன்று காலை நடைபாதை ஜன்னலோரம் நின்றேன். கையில் செபமாலை இருந்தது. வாயில் செபம் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: “ஆண்டவரே, எங்களுக்குத் தெரியாதது உமக்குத் தெரியும். அதைக் காட்டும்.”

டொக்டர் வந்து பரம்பரை நோய்களைப் பற்றி மறுபடி கேட்டார்.

“என்ரை அப்புவுக்கும் என்னைப்போலை சீனி வருத்தம், கை நோ. அவரிட்டை இருந்துதான் வந்திருக்கும்,” என்றார் அப்பா.

மாமி சூப் கொண்டுவந்த பாத்திரத்தைப் பட்டென்று வைத்தார். “அண்ணை, அப்பு உங்களுக்கு எல்லாம் தந்தவர். வருத்தத்தை எப்பிடித் தந்தவர்?”

“ரோசா, வாயை மூடு.”

“மூடிக்கொண்டு உங்கடை சவப்பெட்டிக்குப் பூ வைக்கச் சொல்லுறியளோ?”

டொக்டர் மொழிபெயர்ப்புக்காக என் முகத்தைப் பார்த்தார். மாமியும் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உன்ரை அப்பாவை ஆச்சி பெறேல்லை. அப்பு மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கருவாடு கொண்டுபோய் விக்கிறவர். மண்சரிவிலை தாயும் தேப்பனும் போக, தனிச்ச பிள்ளையைத் தூக்கியந்தவர். செத்தவை கலியாணம் கட்டின மச்சானும் மச்சாளும். ரெண்டு பேரும் ஒரு அயர்லாந்துத் தோட்டத் துரையின்ரை பேரப்பிள்ளையள். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு ஆச்சி சாகேக்கை என்னட்டைச் சத்தியம் வாங்கினவ.”

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இதை டொக்டரிடம் சொன்னால் அப்பாவின் மனம் உடையும். சொல்லாவிட்டால் அப்பாவே இருக்கமாட்டார். நான் கேட்ட பதில் இப்படித்தான் வர வேண்டுமா?

“சொல்லு,” என்றார் அப்பா. “ஆனா, அப்புவையும் ஆச்சியையும் வளர்த்தவை எண்டு சொல்லாதை. பெத்தவை வேறை ஆக்கள் எண்டு சொல்லு.”

அந்தத் துரையையும் சேர்த்து அப்படியே சொன்னேன்.

“அயர்லாந்தா? தாய் வழியிலும் தந்தை வழியிலுமா?” டொக்டர் எழுந்தே விட்டார்.

இரத்தத்தில் இரும்பு கூடியிருந்ததை ஈரல் வீக்கத்தின் விளைவென்று எடுத்திருந்தார்களாம். மரபணுவைப் பரிசோதித்தார்கள். உடம்பில் இரும்பு தேங்கும் பரம்பரை நோய். அயர்லாந்து வழிவந்தவர்களிடம் அதிகம் உண்டு. ஒரு தமிழரிடம் யாரும் தேடவில்லை. நாங்களோ இரும்புக்கு மேல் இரும்பு ஊட்டியிருக்கிறோம். வைத்தியம், இரத்தத்தை எடுத்துக்கொண்டே இருப்பதுதான்.

விரல் நோ போகவில்லை. நீரிழிவும் போகவில்லை. ஆனால் அப்பா இப்போது மாடிப்படியை நிற்காமல் ஏறுகிறார். ஆண்டவருக்கு நன்றி. சகல ஆத்துமாக்கள் திருநாளில் முதல் மெழுகுதிரியை அப்பு, ஆச்சிக்கு அப்பாவே ஏற்றுகிறார். அடுத்ததை, தன்னைப் பெற்றவர்களுக்கு. கடைசியை, பெயர் தெரியாத அந்த அயர்லாந்துக்காரருக்கு நான் ஏற்றுகிறேன். அவருடைய இரத்தம் என்னிலும் ஓடுகிறது. முன்பு சும்மா செபித்தவன் இப்போது பதிலுக்குக் காத்திருந்து செபிக்கிறேன்.

நீங்களும் கேளுங்கள். அவர் காட்டுவது பயமாக இருந்தாலும் முகத்தைத் திருப்பாதீர்கள், அவரை நம்பலாம்.

எங்களுக்கு ஆன செலவையும் சொல்லிவிடுகிறேன்: வாரம் அரை லீட்டர் இரத்தம், சாகும் தாய்க்கு மகள் கொடுத்த ஒரு சத்தியம்.