கொட்வினின் சீனத்துச் சம்பந்தி

கொட்வினை ஒரு இடத்தில் இருக்க வைப்பது லேசான காரியமில்லை. ஆனால் இத்தாலியின் பலெர்மோவில் அவருக்கு வாய்த்ததோ இருந்து பார்க்கிற வேலை. லிபெர்த்தா வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் வாசற்காவலர் அவர். கண்ணாடிக் கூண்டு, மேசை, கதிரை எல்லாம் கொடுத்திருந்தார்கள். கதிரையின் மெத்தை இன்னும் புதுக் கருக்கு மாறாமல் கிடக்கிறது. கொட்வின் படிக்கட்டைக் கூட்டுவார், பித்தளைக் கைப்பிடிகளை மினுக்குவார், இல்லாவிட்டால் தெருவில் இறங்கி நின்று பார்சல்காரன் இன்னும் வரவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்ப்பார். வரப்போகும் பார்சல் அவருக்குரியதாகவும் இருக்காது.

கால்சாப் பகுதியில் இருக்கும் வீட்டிலும் இதே கதைதான். சாப்பாடு மேசைக்கு வருமுன் மூன்று தரம் அடுப்படியை எட்டிப் பார்ப்பார். கோயிலில் பிரசங்கம் நீண்டால் பின்வாசலில் உலாத்தத் தொடங்குவார். மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் அவரைத் தெரிந்தவர்கள் அவருக்குக் கதிரை கொடுப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

மனைவி கிளறா நேர்மாறு. அவர் பார்த்துக்கொள்ளும் முதிய இத்தாலிய அம்மாவான சிஞ்ஞோராவுக்கு ஞாபகமறதி. இன்றைக்கு என்ன சமையல் என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார். கிளறா ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு சமையலைச் சொல்வார். முயல் கறி, கணவாய், ஒருமுறை யானைப் பொரியல். சிஞ்ஞோரா விழுந்து விழுந்து சிரிப்பார். "ஒரே மறுமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தா எனக்கெல்லோ விசர் பிடிக்கும்" என்பது கிளறாவின் நியாயம்.

இவர்களுடைய ஒரே மகன் பிரசாந் சீனத்தின் வடகிழக்கில், ஹார்பின் நகரத்தில், இத்தாலிய உணவகம் ஒன்றில் சமையற்காரன். அங்கே யுவே என்ற பெண்ணை விரும்பினான். பதிவு முடிந்துவிட்டது. தாலி கட்டு கோடையில் பலெர்மோவில் நடக்கும். அதற்கு முன் ஜனவரியில், பெண்ணின் ஊரில், அவர்களுடைய முறைப்படி ஒரு கலியாணம். மத்தியானத்துக்கு முன்னர் மணமக்கள் பெற்றோரை வணங்கித் தேநீர் கொடுக்க வேண்டும். அதுதான் முக்கியம் என்றான் பிரசாந்.

அந்த ஊரில் அப்போது மைனஸ் முப்பது. மூன்றாம் மாடி வக்கீல் தன்னுடைய பனிச்சறுக்கு உடுப்பைக் கொட்வினுக்கு இரவல் கொடுத்தார். எலுமிச்சம்பழ மஞ்சள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற கணவனைக் கிளறா சுற்றிவந்து பார்த்தார்.

"நல்லது. பனிக்குள்ளை துலைஞ்சாலும் கண்டுபிடிச்சிடலாம்."

பீஜிங் வரை கொட்வின் விமானத்தின் நடைபாதையிலேயே காலத்தைக் கழித்தார். பணிப்பெண் இரண்டு தரம் இருக்கைப் பட்டி போடச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் நடந்தாப்போலை பிளேன் கெதியாப் போகாது. வந்து இருங்கோ" என்றார் கிளறா.

பீஜிங்கில் இறங்கினால், அங்கிருந்து பெண் வீட்டுப் பக்கம் போகும் விமானங்களெல்லாம் பனியால் நின்றுவிட்டிருந்தன. பிரசாந் தொலைபேசியிலேயே ரயிலுக்கு மாற்றிக் கொடுத்தான். ஹார்பின் வரை விரைவு ரயில். அதற்குப் பிறகு பழைய பச்சை நிற ரயில், நின்றுகொண்டு போகிற சீட்டு மட்டும். புதுவருசம் நெருங்குவதால் சீனம் முழுவதும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

பச்சை ரயிலுக்குள் ஏறியதும்தான் கொட்வினுக்குத் தெரிந்தது, குளிர் வெளியில் மட்டும் என்று. உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. அவரோ மூன்று சுவெற்றர், மேலே மஞ்சள் உடுப்பு. கழற்ற இடமில்லை. மனிதர்கள் வாசல் வரை நெருக்கி நின்றார்கள். கிளறா பெட்டியின் மேல் சப்பாணி கொட்டி இருந்து, முறுக்குப் பேணியைத் திறந்து அக்கம்பக்கத்தாருக்கு நீட்டினார். பிரசாந் இருவரின் தொலைபேசியிலும் மொழிபெயர்க்கும் வசதியைப் போட்டுவிட்டிருந்தான். தமிழில் கதைத்தால் அது சீனத்தில் சொல்லும், சீனத்தில் கதைத்தால் தமிழில் சொல்லும். எதிரிலிருந்த கிழவர் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

"இந்த மரச் சுருள் மருந்தா, உணவா?" என்றது தொலைபேசி.

"கடிச்சுப் பாத்திட்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார் கிளறா. கிழவர் கடித்தார், கண் விரிந்தது, இன்னொன்று எடுத்தார்.

ரயில் ஒரு வெட்டவெளியில் நின்றது. முன்னால் பனி அள்ளுகிறார்களாம். வெள்ளை நிலம், வெள்ளை வானம், நடுவில் ஒரு கரிய மரம். கொட்வின் அந்த மரத்தையே பார்த்தார். திரும்பவும் பார்த்தார். மரம் நகரவில்லை. உலாத்த ஒரு சாண் இடமில்லை. நெற்றியால் வியர்வை ஓடியது, மூச்சு வாங்கியது.

"என்னாலை ஏலாது கிளறா. இப்பிடியே நிண்டா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்!"

கிளறாவின் கையில் தொலைபேசி திறந்தபடி இருந்தது. அது அந்த வார்த்தைகளைக் கேட்டு, தெளிவான பெண்குரலில், சீனத்தில், பெட்டி முழுவதற்கும் அறிவித்தது.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாக அசைந்தார்கள். மூன்று பேர் இருக்கையை விட்டு எழும்பினார்கள். ஏழெட்டுக் கைகள் கொட்வினைத் தூக்கி அதில் கிடத்தின. யாரோ சப்பாத்தைக் கழற்றினார்கள். யாரோ ஒரு கறுப்பு உருண்டை மருந்தை வாய்க்குள் வைக்கப் பார்த்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்ணொருத்தி அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை!" கிளறா தொலைபேசிக்குள் கத்தினார். "அவருக்கு எப்பவும் இப்பிடித்தான்!"

தொலைபேசி அதையும் சொன்னது. பெட்டியில் அனுதாபக் குரல்கள் எழுந்தன. பாவம், நெடுநாள் வியாதிக்காரன். கொட்வின் எழும்ப முயன்றார். பத்துப் பேர் அமத்தினார்கள். அதைப் பார்த்த கிளறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் அவருடைய முதுகைத் தடவினார்கள்.

"இதென்ன சிரிப்பு? எழும்ப விடச் சொல்லுமப்பா!"

"பேசாமக் கிடவுங்கோ. இருக்க இடம் கிடைச்சிருக்கு" என்றார் கிளறா சால்வைக்குள்ளிருந்து.

ரயில் மெல்ல நகர்ந்து அடுத்த நிலையத்துக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. ரயில்காரர்கள் அறிவித்திருந்ததால் சக்கர நாற்காலியோடு நான்கு பேர் மேடையில் காத்திருந்தார்கள். கொட்வினையும் கிளறாவையும் பெட்டிகளையும் முறுக்குப் பேணியையும் கைமாற்றி இறக்கினார்கள். கிழவர் யன்னலால் கையசைத்தார். ரயில் போய்விட்டது.

நிலைய மருத்துவ அறையில் வயர்களைப் பூட்டிப் பார்த்த இளம் வைத்தியர் கடதாசியைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். "இதயம் குதிரையினுடையது போல உள்ளது" என்றது தொலைபேசி. வேறு எந்த நேரமென்றாலும் கொட்வின் பெருமைப்பட்டிருப்பார். இன்றைக்கு இனி ரயில் இல்லை என்பதையும் அந்த வைத்தியர்தான் சொன்னார். கலியாணம் மறுநாள் காலை.

கொட்வின் அறைக்கும் மேடைக்கும் இடையில் நடந்தார். வாய் ஓயவில்லை. "என்ரை வாயாலை வந்த வினை. ஒரே பிள்ளை. ஒரே கலியாணம். நான் என்னெண்டு அவன்ரை முகத்திலை முழிக்கிறது?"

கிளறா மகனை அழைத்து நடந்ததைச் சொன்னார். "அம்மா, நீங்கள் பகிடி விடுறியளோ?" என்றான் பிரசாந். பிறகு அவன் யுவேயிடம் சொல்வதும், யுவே தகப்பனிடம் சொல்வதும் கேட்டது. பிறகு மகன் சொன்னான், "அம்மா, அங்கையே இருங்கோ. ஒரு இடமும் போகாதேங்கோ. யுவேன்ரை அப்பா வாறாராம்."

யுவேயின் தகப்பன் குவோ பாடசாலை வண்டி ஓட்டுபவர். தன் மகளின் கலியாணத்துக்கு முதல் நாள், தன் சின்ன மஞ்சள் வண்டியை எடுத்துக்கொண்டு பனிக்குள் புறப்பட்டார். விடிகிற நேரம் நிலைய வாசலில் வந்து நின்றார். குள்ளமான மனிதர். புருவத்தில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. கொட்வினை மேலும் கீழும் பார்த்தார். தன் நெஞ்சைத் தொட்டு, புருவத்தை உயர்த்தி, கையால் 'டமார்' என்று வெடித்துக் காட்டினார். கொட்வின் தலையைக் குனிந்துகொண்டார். குவோ அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்.

பாதி வழியில் பாதை அடைபட்டது. ஒரு லொறி வழுக்கிக் குறுக்கே கிடந்தது. முன்னும் பின்னும் வாகனங்கள். குவோ இயந்திரத்தை ஓடவிட்டு, சூரியகாந்தி விதைப் பையைப் பிரித்துக் கொறிக்கத் தொடங்கினார். குழந்தைகளுக்கான சின்ன ஆசனத்தில் முழங்கால் முட்ட இருந்த கொட்வினால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். லொறி வரைக்கும் போய்ப் பார்க்கலாமென்று நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் கால் வானத்துக்குப் போயிற்று.

எலுமிச்சை மஞ்சளில் மல்லாந்து கிடந்தவரை எட்டிப் பார்த்துக் குவோ சிரித்தார். அடக்கமில்லாத, வயிறு பிடித்த சிரிப்பு. அதைக் கேட்டுக் கிளறா சிரித்தார். பனியில் கிடந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கொட்வினுக்கும், வலியும் ஆத்திரமும் எல்லாம் சேர்ந்து, சிரிப்பாகத்தான் வெளியே வந்தது.

லொறி அசையவில்லை. நேரம் வந்துவிட்டது. பிரசாந் படத்தோடு அழைத்தான். கிளறா தொலைபேசியை முன் கண்ணாடியோடு சாய்த்து வைத்தார். பெண் வீட்டு அறை தெரிந்தது. சிவப்புத் துணி விரித்த நாலு கதிரைகள். ஒன்றில் யுவேயின் தாய் தனியே இருந்தார், கண் சிவந்திருந்தது. மற்ற மூன்றும் வெறுமை. கொட்வின் கதவுப் பிடியைப் பற்றினார். அவருக்கு இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது. ஓடிப் போகிற தூரமாகவும் இருக்கவில்லை.

பிரசாந் தன் தொலைபேசியை வெறுமையாக இருந்த ஒரு கதிரையில், தேநீர்ச் சாடியோடு சாய்த்து வைத்தான். மணமக்கள் அதற்கு முன்னால் மண்டியிட்டு வணங்கினார்கள். சிவப்புச் சட்டையில் யுவே இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, "பப்பா, மம்மா" என்று இத்தாலிய மொழியில் கூப்பிட்டாள்.

கொட்வின் பேச வாயெடுத்தார்.

"அப்பிடியே வாயைத் திறந்துகொண்டிருங்கோ" என்றார் கிளறா. "மருமகள் தேத்தண்ணி தாறாள்."

பக்கத்தில் குவோ குனிந்து எதையோ தேடினார். தன் சுடுதண்ணிப் போத்தலை எடுத்து, மூடியில் தேநீரை ஊற்றி, இரண்டு கையாலும் கொட்வினிடம் நீட்டினார். கொட்வின் குடித்தார், கிளறாவுக்குக் கொடுத்தார். பிறகு தானே மூடியை நிரப்பி, அதேபோல் இரண்டு கையாலும் குவோவுக்குக் கொடுத்தார். குவோ ஒரே மிடறில் குடித்துவிட்டு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய மகளுக்கும் அன்றைக்குத்தான் கலியாணம் என்பது கொட்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு பாதை திறக்கும் வரை அவர் கதவைத் தொடவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் பாதி முடிந்திருந்தது. யுவேயின் தாய் வாசலிலேயே குவோவைத் திட்டித் தீர்த்தார். பிறகு கிளறாவைக் கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ரயிலில் நடந்த கதை அதற்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. ஒவ்வொரு மேசையிலும் யாராவது கொட்வினைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து விசாரித்தார்கள்.

"பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்" என்றார் கொட்வின் யுவேயிடம், பிரசாந் மொழிபெயர்க்க. யுவே பதில் சொன்னாள், பிரசாந் சிரித்துக்கொண்டு சொன்னான்: "அப்பா, அவவின்ரை தகப்பனும் சபையிலை இருக்கப் பயந்துதானாம் வண்டி எடுத்துக்கொண்டு ஓடினவர். உங்களுக்கு நன்றி சொல்ல வேணுமாம்."

உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னாளா என்று கொட்வினுக்கு விளங்கவில்லை. குவோவைப் பார்த்தார். அவர் கவனமாக மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமை நின்றார்கள். சும்மா இருக்க ஏலாத கொட்வின் காலையில் வாசற்பனியைத் தள்ளினார். அது முடிந்ததும் பக்கத்து வீட்டு வாசல், பிறகு அடுத்தது. சில நாளில் குவோவும் பனி அள்ளும் சவளோடு வந்து சேர்ந்துகொண்டார். ஒருவர் தமிழிலும் மற்றவர் சீனத்திலும் ஓயாமல் கதைத்தபடி தெருவின் அந்தம் வரை போவார்கள். தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை.

பலெர்மோவில் தோடம்பழம் ஆரஞ்சு நிறத்தில் காய்த்துத் தொங்கும் காலத்தில் திரும்பி வந்தார்கள். அன்றைக்குப் பின்னேரமே கொட்வின் பல்கனியில் நின்று, கடல் பக்கமும் தெருப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"கிளறா, அடுத்த மாரிக் குளிருக்கு அங்கை ஒரு ஞானஸ்நானம் வருமோ?"

"பிள்ளையள் முதல்லை மூச்சு விடட்டும்" என்றார் கிளறா. "நீங்கள் வந்து சாப்பிடுங்கோ."