மூடியில் ஊற்றிய கிரீன் டீ

திண்டிவனத்தில் பஸ் ஏறியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பிடுங்கித் தடித்த கை. உடம்பு இளைத்து, சட்டை தொளதொளவென்று கிடந்தது. பிளாஸ்க்கைத் திறப்பார், ஒரு வாய் குடிப்பார், முகத்தைச் சுளித்து மூடிவிடுவார்.

“என்னண்ணே, வேப்பெண்ணெயா?” என்றேன்.

சிரித்துவிட்டார். “கிரீன் டீ தம்பி. குடல்ல கட்டி. போட்ட மருந்துக்கெல்லாம் அடங்கல. அந்த மாதிரி கட்டியை இந்த இலையில இருக்கிற சத்து அடக்குமான்னு ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்களாம். பொண்ணு வெளியூர்லேர்ந்து அந்த சேதிய போன்ல அனுப்புச்சி.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“இன்னும் எதுவும் உறுதியாவல, இதை நம்பி ஊசியை நிறுத்திடாதேன்னாரு. ஊசிக்குத்தான் போறேன். இதையும் விடல.”

விக்கிரவாண்டி தாண்டியதும், மிச்சமிருந்ததில் பாதியை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“ஐயோ, உங்க மருந்தாச்சேண்ணே!”

“மருந்துதான். அதுக்காக பக்கத்துல ஆளை வெச்சிக்கினு டீயைத் தனியாவா குடிப்பாங்க? வூட்லதான் தெனம் தனியா குடிக்கிறேனே, போதாதா? புடி, ஆறிடும்.”

வாங்கிக் குடித்தேன். ஒரே கசப்பு. நான் குடித்து முடிக்கிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அவர் நம்பியிருந்த மருந்தில் ஒரு பங்கை நான் குடித்தது சரிதானா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. வேண்டாமென்று சொல்லவும் அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.