வாசனை தெரியாது என்று சொன்ன பெண்

வேறு பள்ளிச் செய்முறைத் தேர்வுக்கு எக்ஸ்டர்னலாகப் போகிறவளுக்குச் சந்தேகப்படத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். "உன் எதிர்ல கடவுளே வந்து நின்னாலும் ஆதார் கார்டு கேப்ப" என்பார் என் வீட்டுக்காரர். கேட்பேன்தான், அதில் என்ன தப்பு?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் ஆளுக்கொரு உப்பு கொடுப்போம். சோதனை செய்து, அதில் என்ன அயனிகள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்த மேசைக்கு எந்த உப்பு என்பது எனக்கும் உள்ளூர் ஆசிரியைக்கும் மட்டும்தான் தெரிய வேண்டும். ஆனால் லேப் அட்டெண்டர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கு அன்றைக்குப் பார்த்து இருமல் வரும். அந்த இருமலை எண்ணி உப்பைத் தெரிந்துகொண்டு, விடையிலிருந்து பின்னோக்கிச் சோதனைகளை எழுதுவார்கள் பிள்ளைகள். நானும் மாணவியாக இருந்தபோது அப்படி எழுதினவள்தான். என்கிட்டயா காது குத்துவார்கள்?

போன வருஷம் மதுராந்தகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி. போனதும் அட்டெண்டரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டேன். அப்புறமும் அவர் ஜன்னல் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தார். சரிதான், ஏதோ நடக்கிறது என்று எனக்குப் பட்டது.

கடைசி வரிசையில் ஒரு பெண்ணுக்கு அம்மோனியம் குளோரைடு போயிருந்தது. உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா வரும். அந்தக் கார நெடியில்தான் எல்லோரும் முதலில் பிடிப்பார்கள். பக்கத்து மேசைப் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையால் விசிறி முகர்ந்தார்கள். இவளோ குழாயிடம் மூக்கையே கொண்டுபோகவில்லை. கண்ணாடிக் கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து நேராகக் குழாய் வாயில் காட்டினாள். வெண்புகை வந்தது. தாளை எடுத்து "கார நெடியுடைய வாயு" என்று எழுதினாள். முகரவே முகராமல் நெடி எங்கேயிருந்து வந்தது? அகப்பட்டாயடி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சோதனைக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் அவளிடம் நீட்டினேன்.

"இதுல என்ன வாசனை வருது?"

அவள் குழாயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "லேசா நெடி வருது மிஸ்" என்றாள்.

"இது பச்சைத் தண்ணி."

தன் தாளை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு வாசனையே தெரியாது மிஸ். கொரோனா வந்து போனதுலேர்ந்து இப்டிதான் கீது. சொன்னா லேப்ல வுட மாட்டாங்கன்னு வூட்ல தவிர யாரண்டயும் சொல்லலை. கம்பில புகை வந்துச்சு, சில்வர் நைட்ரேட்ல தயிர் மாரி வெள்ளையா வந்துச்சு. அத வெச்சி நானேதான் கண்டுபுடிச்சேன்."

அடேங்கப்பா, கொரோனா! வீட்டுப்பாடம் எழுதாததற்கும் கொரோனா, பஸ் தவறினதற்கும் கொரோனா. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அலமாரியிலிருந்து அம்மோனியா பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, அவள் மூக்குக்கு நேரே பிடித்தேன். வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இப்ப மட்டும் எப்படித் தெரியுது?"

"எரியுது மிஸ். வாசனை வர்ல. எரியுதுதான்."

"நெடி வேற, எரிச்சல் வேறயா? எனக்கே கெமிஸ்ட்ரி சொல்லித் தரியா?"

உள்ளூர் ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்ததால் கேட்கவில்லை. உப்புப் பகுதிக்குச் சுழி போட்டேன். அதைப் பார்த்ததும் அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், இந்த மார்க் போச்சின்னா காலேஜ்ல கெமிஸ்ட்ரி கெடைக்காது. வூட்ல என்னை கம்பெனிக்கு அனுப்பிடுவாங்க. கல்பாக்கம் பக்கம் எதுனா லேப்ல வேலைக்கு சேரணும்னு படிச்சிகினு கீறேன் மிஸ்." இந்த மாதிரி அழுகையை எத்தனை பார்த்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மதிப்பெண் தாளை உறையில் போட்டு ஒட்டினேன். திரும்பி வரும்போது ரயிலில் நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்த வருஷம் ஆடி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே வாசனையும் போய்விட்டது. காபி வெந்நீராக இருந்தது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகையாகியும் நான் ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனபோது லேபில் பதினொன்றாம் வகுப்புக்காக அம்மோனியா பாட்டிலைத் திறந்தேன். மூக்குக்குள் ஊசி ஏறினதுபோலிருந்தது, கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாசனை? துளி இல்லை. மறுபடி திறந்து பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். பிள்ளைகள் என்னைப் பேந்தப் பேந்தப் பார்த்தார்கள்.

சாயங்காலம் டாக்டரிடம் கேட்டேன். "வாசனைக்கு ஒரு நரம்பு, எரிச்சலுக்கு வேற நரம்பு மேடம். மோப்பம் போனவங்களுக்கும் அம்மோனியா எரியத்தான் செய்யும்" என்றார், ஏதோ சின்ன விஷயம்போல.

பதினெட்டு வயதுகூட ஆகாத பெண். தண்ணீரில் பயந்து நெடி என்றாலும், அம்மோனியாவில் தான் உணர்ந்ததை உள்ளபடியே சொன்னாள். இருபது வருஷம் பாடம் நடத்திய நான்தான் தப்பான சோதனையைச் செய்துவிட்டு, அவளைப் பொய்க்காரி ஆக்கினேன். பாவி நான்.

மறுநாள் காலை அந்தப் பள்ளி ஆசிரியைக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, அந்தப் பெண் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள், அவளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"காலேஜ் எங்க மேடம்? கொஞ்ச மார்க்குல சீட்டு போச்சு. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போறா. விடிகாலைல அவ ஊரு படாளத்துக்கே வேன் வந்து கூட்டிட்டுப் போயிடும்."

"நான் வந்து அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"வாங்க மேடம். வந்தா அட்டெண்டரையும் பாத்துட்டுப் போங்க. அன்னிக்கு ஜன்னல்கிட்டயே நின்னாரே, அவரு அவளோட அப்பா. அவளுக்கு மூக்கு வேலை செய்யாதுன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் சுத்திச் சுத்தி வந்துட்டு இருந்தாரு."