‘நீ’ என்று அணைந்த திரை

அந்த பேட்டரி என்னிடம்தான் இருந்தது. வரவில்லை என்று சொன்னேன். பொய்!

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கணினிக் கடைக்குச் சிங்கப்பூரிலிருந்து அது வந்து சேர்ந்துவிட்டது. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் அறைக்கு எடுத்துச்சென்று துணிகளுக்கு அடியில் வைத்தேன். கமலா அக்கா தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், “இன்னும் வரலக்கா, வந்ததும் நானே கொண்டாந்து மாட்டித் தரேன்” என்றேன். நாக்குக் கூசவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஆதாயத்துக்காக அல்ல. அவர்கள்மேல் பகையும் இல்லை. இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கமலா அக்காவின் கணவர் கிள்ளானில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நான் அவரைச் சார் என்றே அழைத்தேன். நரம்பு நோய் ஒன்று முதலில் அவருடைய கால்களை முடக்கியது. பிறகு குரலைப் பறித்தது. எஞ்சியது வலக்கையில் ஒரே ஒரு விரல். பழைய மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திய மடிக்கணினியைக் கொடுத்திருந்தார். அந்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித்தான் சார் பேசினார். அந்தக் கருவியில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டுவார். அக்கா பக்கத்தில் குனிந்து வாய்விட்டுப் படிப்பார். அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது அப்படித்தான்.

ஆனால் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. மின்கம்பியை உருவினால் சிறிது நேரம்தான். எச்சரிக்கை எதுவும் வராது. பேச்சின் நடுவே திரை சட்டென்று இருண்டுவிடும்! தட்டியது அத்தனையும் போய்விடும். சில நாள் மறுபடி உயிர்பெறவும் மறுக்கும். அக்கா உடனே கடைக்குத் தொலைபேசி செய்வார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்புவேன். பேட்டரியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, மறுபடி மின்னேற்றி, எப்படியோ சில நாள் ஓடும்படி செய்துவிட்டு வருவேன்.

வேலை முடிந்ததும் அக்கா தேநீர் தருவார். சார் திரையைத் தம் விரலால் சுட்டுவார். “சாப்பிட்டியா?” என்று தட்டியிருப்பார்.

உலகத்தில் வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

நான் டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தாய் தந்தை இருவரும் இறந்துவிட்டார்கள். கடைக்கு மேலே ஒரு வாடகை அறை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சொல்லும் பேசாமலே பொழுது அடையும். திங்கள் காலையில் முதல் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக ஒலிக்கும்.

புதிய பேட்டரியை மாட்டிவிட்டால்? கருவி ஒழுங்காக ஓடும். அக்கா கூப்பிடமாட்டார். எனக்கு அங்கே என்ன வேலை?

இதுதான் காரணம். இவ்வளவுதான்! சிரிப்பாக இருக்கிறதா உங்களுக்கு?

“மறுபடியும் கிள்ளானா? பேட்டரிய மாத்திட்டேதானே?” என்று முதலாளி ஒருநாள் கேட்டார்.

“மாத்திட்டேன் பாஸ். இது வேற கோளாறு.”

அவரும் நம்பினார். எல்லாரும் என்னை நம்பினார்கள்.

அன்று பிற்பகல் பெருமழை. கடைத் தொலைபேசி ஒலித்தது. கமலா அக்காதான்.

“தம்பி, இங்க கரண்டு போயிருச்சு. சார் என்னமோ சொல்ல வந்தாரு, பாதியில மிஷின் அணைஞ்சிருச்சு. என்ன செஞ்சாலும் வரமாட்டேங்குது. அவரு ரொம்பத் தவிக்கிறாரு. கொஞ்சம் சீக்கிரம் வரியாப்பா?”

அப்போது என் மனத்தில் எழுந்தது என்ன, தெரியுமா? மகிழ்ச்சி! ஆம், மகிழ்ச்சி... இன்று கிள்ளானுக்குப் போகலாம் என்ற மகிழ்ச்சி. முகம் கழுவினேன். நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டினேன். அக்காவுக்குப் பிடிக்குமே என்று சூடான கறிபாப் பலகாரம் வாங்கினேன். மழை விடட்டும் என்று கடைவாசலில் நின்றேன். அங்கே ஒரு மனிதர் பாதி வாக்கியத்தோடு தவித்துக்கொண்டிருந்தார்!

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“சாருக்கு மூச்சு முட்டிருச்சுலா தம்பி. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போயிருச்சு.”

மோட்டாரைப் பிரிக்பீல்ட்ஸுக்கே திருப்பினேன். துணிகளுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தேன். அதன்பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். பார்த்தீர்களா, அந்நேரத்திலும் அது எங்கே இருந்தது என்பதை நான் மறந்திருக்கவில்லை!

அக்கா மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி சாரின் கட்டில் அருகே உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் மின்கம்பி வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது.

“வந்துருச்சாப்பா பேட்டரி?”

“இன்னிக்குத்தான்கா வந்துச்சு.”

மாட்டினேன். திரை ஒளிர்ந்தது. கட்டில்மேல் சாரின் கைக்கருகே வைத்தோம். அக்கா அந்த விரலை எடுத்து விசைகள்மேல் வைத்தார். “சொல்லுங்க... நான் இங்கதான் இருக்கேன், சொல்லுங்க...” என்றார். சார் ஒருமுறை கண் திறந்தார். விரல் எழவில்லை. வெறுமையான திரை வெகுநேரம் எரிந்துகொண்டே இருந்தது. அணையவே இல்லை.

சில நாள்களில் சார் போய்விட்டார். அந்த விரல் மறுபடி அசையவேயில்லை.

சாவு வீட்டில் எல்லாரும் கலைந்த பிறகு அக்கா என்னைக் கேட்டார். “அன்னிக்கு அவரு அடிச்சது உள்ள எங்கயாச்சும் இருக்குமா தம்பி? ‘கமலா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ’... அவ்வளவுதான் படிச்சேன். அதோட இருட்டாப் போச்சு.”

தேடினேன். எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் தேடினேன். இல்லை. சேமிக்காத சொல் எங்கே இருக்கும்?

“மிஷின் கோளாறுக்கா” என்றேன்.

“நீ என்னப்பா செய்வே? கூப்பிட்டப்பல்லாம் ஓடி வந்தவன் நீதான்” என்றார்.

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டேன். எதற்காகப் பொய் சொன்னேனோ, அதையே விட்டுவிட்டேன்.

சில ஆண்டுகள் கழித்துக் கிள்ளான் பேருந்து நிறுத்தத்தில் அக்காவே என்னைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். கூந்தல் வெளுத்திருந்தது. சுபாங் ஜெயாவில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, அங்கேயே வந்து நின்றது.

“‘நீ’ன்னு ஆரம்பிச்சாரே தம்பி... நீ நல்லா இருக்கணும்னு சொல்ல வந்தாரா, இல்ல நீ என்னைச் சரியாப் பாத்துக்கலன்னு சொல்ல வந்தாரா? ஒரு நாளைக்கு ஒண்ணு நினைச்சுக்கிறேன். நல்லா தூங்குன நாள்ல நல்லதா நினைக்கிறேன்.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அக்கா...” என்றேன். தொண்டைவரை வந்துவிட்டது. சொல்லிவிட வேண்டும்... இப்போதே! பேருந்து வந்து நின்றது.

அக்கா படியில் ஏறித் திரும்பினார்.

“ஏன்பா வீட்டுப் பக்கமே வரதில்ல? மிஷின் கெட்டாத்தான் வருவியா? நாங்க உன்னை அப்படியா நினைச்சோம்? அவரு தினமும், ‘பையன் இன்னிக்கு வரானா’ன்னு அடிச்சுக் கேப்பாரு தெரியுமா? சும்மா வாப்பா.”

கதவு மூடியது.

சும்மாவே போயிருக்கலாம்... வரட்டுமா என்று நான் கேட்டதே இல்லை. கமலா அக்கா இன்றும் அந்த வாக்கியத்தை முடிக்க முயன்றுகொண்டுதான் இருப்பார். நான் இன்னும் போகவில்லை.