ஜூலைல போறோம்

ஜோசப் ஆனந்துக்குப் பனிமலை என்றால் பைத்தியம். ஆனால் அவர் கண்ணால் பார்த்த பனியெல்லாம் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனியில் மெஷின் உடைத்துத் தள்ளுகிற தூள்தான். பெரிய மார்க்கெட் மீன்காரர்களுக்கு லோடு அனுப்புவது அவர் பொறுப்பு. காலையில் இறுகிக் கிடக்கும் குவியலின் மேல் ரப்பர் பூட்ஸோடு ஏறி நின்று பார்ப்பார். வெயில் வந்தால் அதே குவியலில் கால் புதையும். மலையிலும் இப்படித்தான் என்பார். ஐஸ் வாங்க வரும் வேம்பு, "சார் உச்சிக்குப் போயிட்டாரு, கொடி கொண்டாங்கப்பா" என்பாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் அண்ணன் லூர்துநாதன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவர். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வீடு. போன புதிதில் ஜன்னலில் தெரிந்த மலையைப் படமெடுத்து அனுப்பி, ஒரு தடவை வா, உச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போறேன் என்றார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததில் ஆனந்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

எப்போது போவது என்பதுதான் சிக்கல். மீன்பிடித் தடைக்காலத்தில் கம்பெனி தூங்கும், லீவு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே அப்போது குளிர்காலத்துப் பனி இளகிச் சரிகிற நேரம். ஆகஸ்ட்டில் பனி உருகி, பிடிப்பு விட்ட கல் உருளும். டிசம்பரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிடைத்ததையெல்லாம் படித்து, ஏறினவர்களின் வீடியோக்களையெல்லாம் பார்த்து, ஆனந்த் முடிவு கட்டியது ஜூலை முதல் வாரம்.

அந்த ஜூலையில்தான் அண்ணன் வீட்டுக்கு வக்கான்ஸ் என்கிற கோடை லீவு. மகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பமாகப் புதுச்சேரிக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். உப்பளம் பகுதியில் அண்ணன் கட்டிப் பூட்டிப் போட்டிருக்கும் வீட்டை அதற்குள் கழுவிவிட்டு, மோட்டாரைப் பார்த்து, ஏசிக்காரனைக் கூப்பிட்டு வைப்பது ஆனந்த். இருக்கிறவரை சமைத்துப் போடுவது அவர் மனைவி ஜாஸ்லின். மலை நன்றாக இருக்கிற மாதம் அண்ணன் இங்கே இருந்தார். அண்ணன் அங்கே இருக்கிற மாதங்களில் லீவு இல்லை, இல்லாவிட்டால் மலை சரியில்லை. மலை எங்கேடா ஓடிடப் போவுது என்பார் அண்ணன், வஞ்சிரக் குழம்பைப் பிசைந்தபடி.

தன் மகளுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம், வசந்தத்தில், அண்ணன் போன் செய்தார். இந்தத் தடவை ஊருக்கு வரவில்லை என்றார். மலைக்கு ஏதோ நல்ல நேரம் என்று சொல்வாயே, அது எப்போது என்று கேட்டார். ஆனந்த் ஒன்று விடாமல் சொன்னார். இருட்டிலேயே கிளம்ப வேண்டும், வெயில் ஏறுமுன் பனிப்பகுதியைத் தாண்டி இறங்கிவிட வேண்டும் என்பது உட்பட.

"சரிடா. ஜூலைல போறோம்" என்றார் அண்ணன்.

ஆனந்த் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். முதலாளியிடம் லீவு சொல்லிவைத்தார். உப்பளம் ஸ்டேடியத்துப் படிக்கட்டில் தினமும் ஏறி இறங்கினார். விசாவுக்கு அண்ணன் அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். கேட்டபோதெல்லாம், பார்க்கலாம் என்று பதில் வந்தது.

"நாம போறோம்னாரா, நாங்க போறோம்னாரா?" என்று கேட்டாள் ஜாஸ்லின்.

"போறோம்னாரு."

"அதான் கேக்குறேன்."

சொந்த அண்ணனிடம் போய் இலக்கணமா கேட்க முடியும் என்று ஆனந்த் எரிந்து விழுந்தார்.

ஜூலை முதல் ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தபோது போனில் படம் வந்தது. வெள்ளை வெளேரென்ற சரிவில் கயிறு கட்டிக்கொண்டு அண்ணன், மகள், மாப்பிள்ளை. பின்னாலேயே அண்ணனும் கூப்பிட்டார்.

"நீ சொன்ன டயம் கரெக்ட்டுடா. பனி கல்லு மாதிரி இருந்துச்சு. கைடே அசந்துட்டான்."

"போறோம்னு சொன்னியேண்ணா."

"ஆமா, போனோமே." பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "உனக்கு எதுக்குடா இந்த வயசுல? முட்டி தாங்காது." இனி ஜூலை என்றால் மாப்பிள்ளையோடு மலைதான் என்றும், ஊருக்கு நோயலுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, வருவதாகவும் சொல்லிவிட்டு வைத்தார்.

"உங்களுக்கு மூத்தவருதான? அவருக்கு மட்டும் என்ன பிரெஞ்சு முட்டியா?" என்றாள் ஜாஸ்லின். ஆனந்த் சிரிக்கவில்லை. ஐஸ் குவியலில் ஏறி நிற்பதையும் விட்டுவிட்டார். வேம்பு கொஞ்ச நாள் சீண்டிப் பார்த்து அலுத்துப்போனாள்.

டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன் அண்ணன் போன் செய்து, வீடு கழுவியாச்சா என்று கேட்டார். மழையில் சுவரெல்லாம் பாசி பிடித்திருக்கும்.

"கழுவுறோம்ணா" என்றார் ஆனந்த்.

அடுப்படியிலிருந்து ஜாஸ்லின் எட்டிப் பார்த்தாள். "அந்த 'றோம்'ல நான் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனந்த் போனை வைத்தார். பிறகு வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு, அண்ணன் வீட்டுச் சாவியோடு தனியாகப் போனார்.