அண்ணன் அனுப்பிய மதர்போர்டு

அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் நின்றுபோனது. புதிது வாங்கலாம் என்றால் ஒத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் படிந்த அந்தப் பெட்டியேதான் வேண்டும் என்றார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், பெட்டியின் அளவைக்கூடக் கேட்காமல் புது மதர்போர்டு ஒன்றை அனுப்பிவைத்தான். அது உள்ளே உட்காரவே இல்லை. திருகு ஓட்டைகள் பொருந்தவில்லை. பின்பக்கத் தகட்டில் கேபிள் சொருக வழியில்லை.

ஏனாத்தூர் கல்லூரியில் வகுப்பு முடித்து வந்த பிறகு, தினமும் மொட்டைமாடியில் உட்கார்ந்து தகட்டை ரம்பத்தால் அறுத்தேன், அரத்தால் தேய்த்தேன், டிரில்லிங் மெஷினால் புது ஓட்டைகள் போட்டேன். தகடு கிழித்து உள்ளங்கையில் தையல் விழுந்தது. கடைசியில் போர்டு உட்கார்ந்தது, திரையும் ஒளிர்ந்தது.

அப்பா உடனே அண்ணனை வீடியோ காலில் அழைத்தார். "நீ அனுப்பிச்சதாலதாம்பா இது மறுபடி ஓடுது!"

"நல்ல போர்டுப்பா அது," என்று அண்ணன் சிரித்தான்.

"நான்தாம்பா பெட்டிய அறுத்து மாட்டினேன்," என்றேன்.

அப்பா என் கைக்கட்டைப் பார்த்தார். "சரிம்மா. ஆனா அவ்ளோ தூரத்துல இருந்துக்கினு நம்மள நெனச்சான் பாரு!"

அண்ணன் திரையில் தலையாட்டிக்கொண்டான். இப்போதெல்லாம் அந்தப் பெட்டி மக்கர் செய்தால், "அண்ணனைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.