படிக்கட்டுக்கு ஒரு விரதம்

மெத்தைக்காரியின் வீடு மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று சொன்னால் பொய்யில்லை. ஓடுகிறது என்று சொன்னால்தான் பொய். அதன் கதவில் தொங்கும் பூட்டே துருப்பிடித்துவிட்டது. கீழ்வீடு காலியானால் முதலில் உனக்குத்தான் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். கீழே இருந்தவர்களோ அசைவதாக இல்லை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் வலு கிடையாது. அதற்கும் சேர்த்துக் கடவுள் வாயில் கொடுத்திருந்தார். அவளுடைய சக்கர நாற்காலி படிக்கட்டுக்கு அடியில் சங்கிலி போட்டு நிற்கும். அங்கிருந்து வீடு வரைக்கும் அம்மாவின் முதுகுதான் வாகனம். அதனால் வீட்டில் அவளுக்கு மகாராணி என்று பேர். சின்னவன் இன்னும் ஓடி ஓடி ஊட்டவேண்டிய வயசு. அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர். போனால் நாலு நாள், வந்தால் ஒரு நாள்.

மெத்தை தைக்கும் பட்டறையில் அவளுக்கு உட்கார்ந்த வேலை. பஞ்சு பறக்கும் என்பதால் எல்லோரும் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டுதான் தைப்பார்கள். இரண்டு பிரசவமும் அந்த உட்கார்ந்த வேலையுமாகச் சேர்ந்து அவள் உடம்பைப் பெருக்கிவிட்டிருந்தன. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை, அந்தச் சாயங்காலம் வரைக்கும்.

அன்று மகளைச் சுமந்து ஏறும்போது, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு அடைத்தது. உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மேலே நாத்தனார் வந்திருந்தாள், கணவனுக்கு மூத்தவள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. தம்பி பிள்ளைகள் மேல் உயிர். அந்த உயிர்தான் வம்பாகப் போயிற்று.

"நல்ல பள்ளிக்கூடம்டா," என்று தம்பியிடம் பேச்சை எடுத்தாள். "அங்கேயே தங்கிப் படிக்கலாம். படிக்கட்டே கிடையாது, எல்லாம் சமதரை. நினைச்சப்போ போய்ப் பார்த்துக்கலாம். இவளால இன்னும் எத்தனை நாள் தூக்க முடியும்? குழந்தையோட உருண்டு விழுந்தா யார் பதில் சொல்றது?"

அவர் தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தால் அது சம்மதத்துக்குப் பக்கத்து வீடு.

மெத்தைக்காரி குரலை உயர்த்தவில்லை. "அண்ணி, லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள, இவளைத் தூக்கிக்கிட்டு கீழேருந்து மேல வரைக்கும் உட்காராம ஏறிக் காட்டறேன். முடியலைன்னா நானே பெட்டி கட்டித் தரேன்."

"ஏறிட்டா?"

"ஏறிட்டா இந்தப் பேச்சு இந்த வீட்டு வாசப்படி தாண்டி வரக்கூடாது."

அன்று கண்ணை மூடி நின்று அவள் கேட்டது ஒன்றுதான். அவ எடை ஏறத்தான் செய்யும் கடவுளே, வளர்ற பிள்ளை. என்னுடையதை இறக்கிக் குடு.

கடவுள் நர்ஸம்மா ரூபத்தில் பதில் சொன்னார். மகளின் கால் பரிசோதனைக்குப் போன இடத்தில் அந்த அம்மாள் அவளையும் சோதித்துப் பார்த்தாள். "சர்க்கரை இல்லை, மாத்திரை எதுவும் இல்லை, பால் குடிக்கிற குழந்தையும் இல்லை. உடம்பு இறங்க நீங்க நேரம் வச்சு விரதம் இருக்கலாம். மத்தியானத்துலேருந்து இருட்டுறதுக்குள்ள நல்லாச் சாப்பிடுங்க. மத்த நேரம் வெறும் தண்ணி. தலை சுத்தினா விட்டுட்டு என்கிட்ட வந்துடணும், வீறாப்பு கூடாது."

"சாமிக்கு விரதம் இருந்து பழக்கம்தான் நர்ஸம்மா. இது படிக்கட்டுக்கு."

முதல் சில நாள் தலை விண்ணென்று வலித்தது. பட்டறையில் காலை டீ வரும்போது, துணி வெட்டுகிறவள் பன்னைப் பிட்டு நீட்டினாள்.

"வேணாம் தாயே, மத்தியானம்தான்."

"அடி, ஒரு வாய்க்கு என்ன ஆயிடும்? நீ மெலிஞ்சா எங்களுக்கு யாருடி நிழல் தர்றது?"

பட்டறையே சிரித்தது. மெத்தைக்காரியும் சிரித்துவிட்டு வாய்த்துணியை மேலே இழுத்துக்கொண்டாள். "நிழலுக்கு மரம் நடுங்க. என் வாய், என் பூட்டு."

அப்படி நாட்கள் போயின. மகளைச் சுமந்து தினமும் ஏறினாள். தினமும் அதே திருப்பத்தில் உட்கார்ந்தாள். நர்ஸம்மாவின் எடை மிஷினில் முள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நாத்தனார் போனில் கேட்டாள், "என்னம்மா, காத்தைக் குடிச்சே உடம்பு ஏறுதா உனக்கு? பள்ளிக்கூடத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்."

போனை வைத்தவளுக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. கடவுள் மேலும் கொஞ்சம் வந்தது; உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை வழக்கமான ரகளை. சின்னவன் பாலில் ஊறிய ரொட்டியை ஒரு வாய் வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போவான், அடுத்த வாய்க்கு மேஜைக்கு அடியில் கிடைப்பான். அவள் தட்டோடு பின்னாலேயே ஓடினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகாராணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ இன்னும் சாப்பிடலை இல்ல?"

"மத்தியானம்தான்னு தெரியாதா உனக்கு?"

"அப்ப இப்ப வாயில என்ன?"

மெத்தைக்காரி மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. வாயில் ரொட்டி இருந்தது. சின்னவன் துப்பிய ஓரம். எப்போது போனது என்று சத்தியமாகத் தெரியாது. கை தானாக எடுத்திருந்தது, வாய் தானாகத் திறந்திருந்தது.

"தினமும்தான்மா," என்றாள் மகள். "முட்டைல பாதி. பால்ல அடி. ராத்திரி நான் வைக்கிற மிச்சம். நான் நினைச்சேன், அதெல்லாம் கணக்குல வராதுபோலன்னு."

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், நினைக்கக்கூட இல்லை. பிள்ளைத் தட்டில் மிஞ்சியதைத் தின்பது சாப்பாடா என்ன? அது தட்டுக் கழுவுவதில் சேர்த்தி. சோற்றைக் குப்பையில் போட்டால் பாவம். தனக்குள் போட்டால் பாவமில்லை என்று இத்தனை வருஷமாக யாரும் சொல்லாமலே நம்பியிருக்கிறாள். உட்கார்ந்து யோசித்தபோதுதான் சுருக்கென்றது. அப்படியென்றால் இந்த வீட்டுக்கு நான் யார், குப்பைக்கூடையா?

அடுத்த நாள் காலை, பட்டறைக்குக் கட்டும் வாய்த்துணியை வீட்டிலேயே கட்டிக்கொண்டு தட்டை எடுத்தாள். ரொட்டியும் பாதிதான் ஊறவைத்தாள். கேட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஊட்டி முடித்துத் துணியை அவிழ்த்தபோது, வாய்க்கு நேராக ஈரமாகப் பால்கறை.

"பாரு மகாராணி. கை வந்து கதவைத் தட்டிட்டுப் போயிருக்கு."

லாரியிலிருந்து வந்த கணவன் இந்தக் கோலத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். "என்ன இது, திருட வந்தவ மாதிரி பிள்ளைக்கு ஊட்டறே?"

"திருடத்தான் வருது. என் கைதான் திருடன். நீங்க பேசாம உங்க தட்டுல இருக்கிறதை மிச்சம் வைக்காம சாப்பிடுங்க. இனிமே இந்த வீட்டுல யார் மிச்சமும் எனக்கு வராது."

அவர் வழித்துச் சாப்பிட்டார். அதன்பிறகு துணியில் கறை குறைந்தது. மிஷின் முள்ளும் மனசில்லாமல் பின்னால் நகர ஆரம்பித்தது. ஏழெட்டுப் பேர் வியக்கும்படி ஒன்றும் இல்லை. பாவாடை நாடாவுக்கு மட்டும் தெரிந்த வித்தியாசம். மகாராணியோ அதே லீவில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்திருந்தாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் நாத்தனார் வந்தாள். படிக்கட்டுக்கு அடியிலேயே வந்து நின்றாள், பின்னாலேயே ஏறிப் பார்க்கவேண்டும் என்று. கணவன் சின்னவனைத் தூக்கிக்கொண்டார். மகள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

முதல் மாடி பேச்சோடு போனது. அதற்குமேல் பேச்சு நின்றது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் தொடை நடுங்கியது, காதில் இரைந்தது. மெத்தைக்காரி சுவரில் கையூன்றி நின்றாள்.

"அவ்வளவுதானா?" என்று கீழிருந்து நாத்தனார் குரல் வந்தது, அதுவும் இரைப்போடு.

"நிக்கக்கூடாதுன்னு பேச்சில்லை அண்ணி. உட்காரக்கூடாதுன்னுதான்."

"இறக்கி விடும்மா, உன் நல்லதுக்குத்தான்."

"இறக்க மாட்டேன்."

காதோரம் மகள் முணுமுணுத்தாள். "அம்மா, மெதுவாப் போ. அவசரமில்லை. அத்தை உட்கார்ந்துட்டாங்க."

சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் விட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். அதற்கடுத்ததில். கதவு வந்ததும் மகளை ஜன்னலோர நாற்காலியில் இறக்கிவிட்டு நின்றாள். வேண்டுமென்றே உட்காரவில்லை.

நாத்தனார் வந்து சேர நேரமாயிற்று. தண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "இந்த வருஷம் சரி. அவ வளர்ந்துக்கிட்டேதானே இருப்பா? அடுத்த வருஷம்?"

"வளரட்டும். அடுத்த வருஷப் படியை அடுத்த வருஷம் ஏறிக்கிறேன். இல்லைன்னா லிஃப்டை ஓட்டச் சொல்லி வீட்டுக்காரர் வாசல்ல இவளோட போய் உட்கார்ந்துக்கிறேன். உட்காரவும் தெரியும் எனக்கு. பேச்சு பேச்சுதான் அண்ணி."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி இந்த முறை தரையைப் பார்க்கவில்லை; மகளைப் பார்த்தார். "அந்தப் பள்ளிக்கூடத்துல இடம் வேண்டாம்னு சொல்லிடுக்கா," என்றார்.

வெளியே இருட்டிவிட்டிருந்தது; மெத்தைக்காரியின் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். நாத்தனார் மனசு கேட்காமல், தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள். "இன்னைக்காவது வாங்கிக்கோ. ஜெயிச்சவ இல்ல?"

மெத்தைக்காரி அந்தக் கையைப் பிடித்து மெல்ல நாத்தனார் வாய்க்கே திருப்பிவிட்டாள். பிறகு ஆணியில் தொங்கிய துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, சின்னவன் எந்த மேஜைக்கு அடியில் இருக்கிறான் என்று குனிந்து பார்த்தாள்.